பலகையில் 'சுறா' என்று மட்டும் எழுதாதீர்கள்: கொங்கு நாட்டு மீன் வியாபாரிகளுக்கும் மெஸ் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

உக்கடம் லாரிப்பேட்டை, திருப்பூர் தென்னம்பாளையம், ஈரோடு, சேலம் சூரமங்கலம் என மீன் மார்க்கெட்டுகளில் மொத்தமாகவும் சில்லறையாகவும் வியாபாரம் செய்யும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும், வாரச் சந்தைகளில் கருவாட்டுக் கடை போடுபவர்களுக்கும், கோவையிலிருந்து கரூர் வரை மெஸ்ஸும் ஹோட்டலும் நடத்துபவர்களுக்கும் வணக்கமுங்க.

உங்கள் விலைப் பலகையில் வஞ்சிரம் தனி வரி, பாறை தனி வரி, சங்கரா தனி வரி. மத்திக்கும் அயிலைக்கும்கூடத் தனித்தனி வரி உண்டு. சுறாவுக்கு மட்டும் 'சுறா' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் ஓரிரு வருசத்திலேயே வயசுக்கு வந்துவிடும் மீனும் இருக்கிறது. குட்டி போடப் பல வருசம் காத்திருக்க வேண்டிய மீனும் இருக்கிறது. விற்றால் ஜெயிலுக்குப் போக வேண்டிய மீனும் இருக்கிறது. நாங்கள் கேட்பது மூன்று காரியம். சுறாவைத் தலையோடும் துடுப்போடும் முழு மீனாக வாங்குங்கள். கத்தி வைக்கும் முன்னால் அது எந்த இனம், வளர்ந்ததா குட்டியா என்று பாருங்கள். பார்த்ததைப் பலகையிலும் பில்லிலும் எழுதுங்கள்.

இதை ராமேஸ்வரத்துக்கோ நாகப்பட்டினத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. கரையில் ஏலம் போகும்போது மீன் முழுசாகக் கிடக்கிறது; வாங்குகிறவருக்கு அதன் பெயரும் தெரியும், வயசும் தெரியும். அங்கிருந்து ஐஸ் பெட்டியில் ஏறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, விடியற்காலை நம் ஊர் வந்து இறங்கும்போது பல பெட்டிகளில் தலையும் இல்லை, துடுப்பும் இல்லை, சில சமயம் தோலும் இல்லை. அடையாளம் சொல்லும் பாகங்கள் அத்தனையும் வழியிலேயே போய்விடுகின்றன. கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் சுறா புட்டுக்கும் சுறா கருவாட்டுக்கும் இங்கே இருக்கும் கிராக்கி கொஞ்சமா? என்ன மீன் பிடிக்கலாம் என்பதைக் கடலில் வலை போடுகிறவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. இங்கிருந்து போனில் "சின்னச் சுறா நாலு பெட்டி போடுங்க" என்று சொல்கிறவரும் தீர்மானிக்கிறார்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறோம். சுறா, திருக்கை, ஆழ்கடலில் வாழும் கைமேரா ஆகிய மூன்று கூட்டமும் ஒரே வம்சம். உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. காற்றுப் பையும் இல்லை. மிதப்பதற்குப் பெரிய, எண்ணெய் நிறைந்த ஈரல்தான் கை கொடுக்கிறது. உலகம் முழுக்கச் சுறாவில் 500-க்கு மேல், திருக்கையில் 600-க்கு மேல், கைமேராவில் சுமார் 50 இனங்கள் உண்டு. இந்தியக் கடலில் மட்டும் சுறா, திருக்கை இரண்டும் சேர்ந்து 150-க்கு மேற்பட்ட இனங்கள். ஒரே சொல்லால் சொல்லி முடிக்கிற கூட்டம் இல்லை இது. உலகத்திலேயே பெரிய மீனான திமிங்கலச் சுறா 12 மீட்டரைத் தாண்டி வளரும். வாயைத் திறந்தபடி நீந்தி மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும். அதற்குச் சொந்தம் எது தெரியுமா? மன்னார் வளைகுடாப் பவளப்பாறைச் சந்துகளில் படுத்துக் கிடக்கும் இரண்டடி மூங்கில் சுறா. அது முட்டையிடும், திமிங்கலச் சுறா குட்டி போடும். உங்கள் பெட்டியில் அதிகமாக வருவது இந்த இரண்டு சாதியும் இல்லை. கரையோரக் கடலில் வேகமாக நீந்தி வேட்டையாடும் வேறொரு குடும்பம் அது. பால் சுறா, துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள், காளைச் சுறா எல்லாம் அதில் அடக்கம். கொம்பன் சுறா அதன் பக்கத்துக் குடும்பம்.

மேசையில் நின்று பார்க்கிறவருக்குத் தேவையான முதல் சோதனை செவுள். மீனைப் புரட்டிப் போடுங்கள். செவுள் பிளவுகள் தலையின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. பெரும்பாலான இனங்களில் பக்கத்துக்கு ஐந்து பிளவு. ஆழ்கடல் இனங்கள் சிலவற்றில் ஆறு, ஏழு. பிளவுகள் அடிப்பக்கம், வாய்க்குப் பின்னால் இருந்தால் அது திருக்கை வம்சம். தட்டையான திருக்கையை யாரும் சுறா என்று வாங்கப் போவதில்லை. ஏமாற்றுவது உழுவை என்ற திருக்கை வகை. பின்பாதி அச்சு அசலாகச் சுறா. முதுகில் இரண்டு துடுப்பு, தடித்த வால், வெள்ளைச் சதை. முன்பாதி மட்டும் தட்டையாக, மூக்கு கூம்பி இருக்கும். தலையை வெட்டிவிட்டால் அனுபவசாலிகூடச் சுறா என்றுதான் சொல்வார். தோல் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. முதுகின் நடுக்கோட்டில் விரலை ஓட்டினால் உழுவைக்குச் சின்னச் சின்ன முள் மொட்டுகள் வரிசையாகத் தட்டுப்படும். நம் மார்க்கெட்டுக்கு வழக்கமாக வரும் கரையோரச் சுறாக்களுக்கு அப்படி முள் வரிசை கிடையாது. தோல் முழுக்க ஒரே சீரான சொரசொரப்பு இருக்கும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையை அராவும்.

பெரிய உழுவை இனங்களில் அநேகமாக எல்லாமே இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. கலங்கிய, மணலும் சேறுமான ஆழம் குறைந்த தரையில் வாழ்வதால் இழுவலை அவற்றை விட்டுவைப்பதில்லை. மூக்கில் ரம்பத்தோடு இருக்கும் வேளா மீனும் இதே வம்சம்தான். அந்த ரம்பமே வலையில் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் மீளாது. இப்போது நம் கரையில் வேளா கண்ணில் படுவதே அபூர்வம்.

இனி குட்டி விசயம். இந்த மடலின் மையமே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றரை அடி நீளச் சுறா ஒன்று மேசையில் கிடக்கிறது. "சின்னச் சுறா, பிஞ்சுச் சதை, புட்டுக்கு நல்லா இருக்கும்" என்று விலை போகிறது. அந்த ஒன்றரை அடி மீன் யார்? அகன்று தட்டையான மூக்குள்ள சின்ன இனம் ஒன்று மேற்குக் கரையில் அதிகம். குஜராத், மகாராஷ்டிரா பக்கம் இன்னும் அதிகம். ஓரடியைக் கொஞ்சம் தாண்டியதும் அது வயசுக்கு வந்துவிடும். முழு வளர்ச்சியே இரண்டரை அடி, மிஞ்சினால் மூன்றடி. ஒரு ஈற்றில் பத்துப் பதினைந்து குட்டிகூடப் போடும், வருசம் முழுக்கப் போடும். அது ஒன்றரை அடியில் கிடைத்தால் வளர்ந்த மீன். பால் சுறா அப்படி இல்லை. முக்கால் மீட்டர் அளவில்தான் அது வயசுக்கு வரும். சுமார் ஒரு வருசம் சுமந்து இரண்டிலிருந்து ஐந்து குட்டி ஈனும். ஒன்றரை அடிப் பால் சுறா பிறந்து கொஞ்ச காலமே ஆன குட்டி. துடுப்பு நுனி கறுத்த பெரிய சுறா பிறக்கும்போதே 55 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். வயசுக்கு வர ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டும். கொம்பன் சுறாவில் நம் பக்கம் அதிகம் வரும் இனம் பிறக்கும்போது 40 முதல் 55 சென்டிமீட்டர். பெண் மீன் குட்டி போடும் நிலைக்கு வர இரண்டு மீட்டருக்கு மேல் வளர வேண்டும். ஆக ஒரே அளவில், ஒரே விலையில், ஒரே பெட்டியில் கிழவியும் இருக்கலாம், தொப்புள் காயாத குழந்தையும் இருக்கலாம்.

தொப்புள் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. குட்டி போடும் இந்தச் சுறாக்கள் தாய் வயிற்றில் கொடியோடுதான் வளர்கின்றன. மீனை மல்லாக்கப் போட்டு, இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவில், நெஞ்சுக்கு நேராகப் பாருங்கள். அங்கே சின்னப் பிளவு திறந்திருந்தால் பிறந்து சில வாரம்தான் ஆகிறது. பிளவு மூடி, வெளிறிய கோடாகத் தெரிந்தால் சில மாதம் ஆகியிருக்கிறது. கோடும் மறைந்திருந்தால் அந்தப் பருவம் தாண்டியது. ஒரு பெட்டியில் பத்து மீனை இப்படிப் புரட்டிப் பார்க்க இரண்டு நிமிசம் போதும். குடல் எடுத்து வந்த மீனில் வயிற்றுக் கீறலோடு இந்தத் தழும்பும் குழம்பிப் போகலாம். முழு மீனாகக் கேளுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண் மீனுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அடித் துடுப்புகளின் உள்பக்கம் ஜோடியாக இரண்டு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு அது கிடையாது. அதை விரலால் மடக்கிப் பாருங்கள். குட்டையாக, வளைந்து கொடுத்தால் குட்டி. நீண்டு, விறைத்து, மடங்க மறுத்தால் வளர்ந்த மீன். எந்த இனமானாலும் இது பொருந்தும், அளவுகோல் தேவையில்லை.

இனத்தைத் தெரிந்துகொள்ள மூக்கையும் முதுகையும் பாருங்கள். தட்டை மூக்குச் சின்ன இனத்துக்கு முதல் முதுகுத் துடுப்பு ரொம்பப் பின்தள்ளி, அடித் துடுப்புக்கு மேலாக வந்து நிற்கும். பால் சுறாவுக்கு மூக்கு நீளம். வாயின் இரண்டு மூலையிலும் நீளமான மடிப்புக் கோடு தெளிவாகத் தெரியும். இரண்டாவது முதுகுத் துடுப்பு மிகச் சிறியது, கீழே உள்ள மலத் துடுப்புக்குப் பின்னால்தான் தொடங்கும். உடம்பு ஒரே பழுப்புச் சாம்பல். துடுப்பு நுனிகளில் கறுப்பு மை தொட்டதுபோல் இருந்தால் அது பால் சுறா இல்லை, பெரிய இனத்தின் குட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். கொம்பன் சுறாவுக்குத் தலையே சாட்சி. தலை போன பிறகும் அதன் முதல் முதுகுத் துடுப்பு உடம்பு அளவுக்கு மீறி உயரமாக நிற்கும். துடுப்பையும் வெட்டி அனுப்பினால் சொல்ல வழியில்லை.

குட்டிகள் ஏன் இவ்வளவு வருகின்றன என்று கேட்பீர்கள். தாய்ச் சுறா குட்டி போடக் கரையோரம் ஒதுங்குகிறது. பெரிய சுறாக்கள் வராத, ஆழம் குறைந்த, இரை நிறைந்த இடங்கள் அவை. பாக் நீரிணையும் ஆற்று முகத்துவாரங்களும் அந்த மாதிரிதான். மனிதர் அதிகம் வலை போடும் இடமும் அதுவேதான். மத்தியோ நெத்திலியோ பல்லாயிரம் முட்டை விடும். ஒரு பருவம் அடி வாங்கினாலும் அடுத்த பருவம் தேறிவிடும். வருசத்துக்கு மூன்று குட்டி போடும் உயிர் அப்படித் தேறாது. திறந்த கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-லிருந்து ஐம்பது வருசத்தில் 71 சதவீதம் சரிந்துவிட்டது என்று 2021-ல் வந்த உலக அளவிலான ஆய்வு சொன்னது. உலகிலேயே அதிகமாகச் சுறா பிடிக்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய ஒரு சுறா இனமே உண்டு. 1979-க்குப் பிறகு அதன் உடல் ஒன்றுகூட ஆய்வாளர் கையில் கிடைத்ததாகப் பதிவு இல்லை.

சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்கும் யானைக்கும் மட்டும் இல்லை, மீனுக்கும் உண்டு. 2001-ல் எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிறகு அதே வருசம் டிசம்பரில் பத்து இனமாகக் குறைத்தார்கள். திமிங்கலச் சுறா, புதுச்சேரிச் சுறா, ஆற்றுச் சுறா இனங்கள் இரண்டு, வேளா இனங்கள் மூன்று, வெள்ளைப் புள்ளி உழுவை, முள் திருக்கை, கங்கைத் திருக்கை ஆகியவையே அந்தப் பத்து. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. முதல் அட்டவணை உயிரை வைத்திருந்தாலோ விற்றாலோ 3 முதல் 7 வருசம் வரை சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "கரையில இருந்து வந்துச்சு, எனக்குத் தெரியாது" என்பது வழக்கில் நிற்காது. சரக்கு உங்கள் மேசையில் இருக்கிறது, கத்தி உங்கள் கையில் இருக்கிறது. தலையில்லாத மீனை வாங்குகிறவர் அடுத்தவர் செய்த குற்றத்தையும் சேர்த்து எடை போட்டு வாங்குகிறார். இப்போதைய அட்டவணையை வனத்துறை அலுவலகத்திலோ மீன்வளத்துறை அலுவலகத்திலோ படத்தோடு கேட்டு வாங்கி, சங்கத்தின் பெயரில் மார்க்கெட் சுவரில் ஒட்டுங்கள். துடுப்பைத் தனியாக எடுத்து வைத்து யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015-லிருந்தே தடை.

தலையோடு வாங்கினால் எடையில் நட்டம் என்று சொல்வீர்கள். நியாயமான கவலைதான். தலையுள்ள மீனுக்குத் தலையுள்ள விலை பேசுங்கள். கிலோவுக்கு எவ்வளவு குறைப்பது என்பதை ஏஜெண்டோடு ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால் போதும். முழு மீனில் உங்களுக்கு லாபமும் இருக்கிறது. அதற்குச் சுறாவின் ரத்தத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

கடல் நீர் உப்பு. உடம்புத் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். அதைச் சமாளிக்கச் சுறா தன் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. சதையில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு. உயிரோடு இருக்கும்வரை அது அரண். செத்த பிறகு பாக்டீரியா அந்த யூரியாவை அமோனியாவாக மாற்றுகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதுதான். வெட்டுப்பட்ட சதையில் பாக்டீரியா வேகமாகப் பரவும். ஆகவே தோலுரித்துத் துண்டு போட்டு வந்த பெட்டியைவிட, பிடித்தவுடன் ரத்தம் வடித்து, குடல் மட்டும் நீக்கி, வயிற்றுக்குள் ஐஸ் திணித்து வந்த மீன் தாங்கும். குட்டியா இல்லையா என்பதைக் குழலை வைத்தும் அளவை வைத்தும் அப்போதும் சொல்லிவிடலாம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கோடையில் குறைக்கவே கூடாது. பெட்டியின் அடியில் உருகிய தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். அந்த ரத்தத் தண்ணீரில் ஊறும் அடி வரிசைதான் முதலில் கெடுகிறது. வந்ததும் முதுகுத் தண்டை ஒட்டி உள்பக்கம் கறுஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் பட்டையை, அதாவது சிறுநீரகத்தை, கரண்டியால் முழுசாகச் சுரண்டிக் கழுவுங்கள். பலர் குடலை எடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். நெடி அங்கிருந்துதான் கிளம்பும்.

துண்டு போட்ட பிறகு, ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் ஐஸ் தண்ணீர், 40 கிராம் கல்லுப்பு என்ற கணக்கில் அரை மணி நேரம் ஊற வைத்து, ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். யூரியாவில் ஒரு பகுதி கரைந்து போய்விடும். எலுமிச்சையோ புளித்தண்ணியோ கடைசியில் விடலாம்; புளிப்பு மிச்ச நெடியை அடக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கண் எரிகிற அளவுக்கு நெடி வந்துவிட்ட மீனை மஞ்சளும் வினிகரும் போட்டுத் தேற்றி விற்பது. நெடி அடங்கும், கெட்டது கெட்டதுதான். அந்த மாதிரி மீனைச் சாப்பிட்டுவிட்டு வாடிக்கையாளர் இனி சுறா பக்கமே வரமாட்டார்.

வெட்டிய துண்டு சுறாதானா என்று சந்தேகம் வந்தால் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவில் காசு மாதிரி வட்டமான ஒரு குருத்தெலும்பு; அதைச் சுற்றி விலா முள்ளே இருக்காது. கெளுத்தியோ கடல் விராலோ வைத்திருந்தால் கெட்டி எலும்பும் முள்ளும் தெரியும். வளர்ப்புப் பங்காஸ் மீனைச் சிலர் சுறா என்று சொல்லி விற்பது அதன் நிமிர்ந்த முதுகுத் துடுப்பை வைத்துத்தான். அது நன்னீர்க் கெளுத்தி இனம். வண்ணமீன் கடையில் 'ரெட் டெயில் ஷார்க்', 'பாலா ஷார்க்' என்று கிடைப்பவையும் கெண்டைக் குடும்பம். பவானிசாகரிலும் மேட்டூரிலும் சுறா கிடையாது. ஆற்றில் ஏறி வாழத் தெரிந்த சுறாக்கள் உலகத்திலேயே சிலதான். காளைச் சுறா அதில் ஒன்று, அமேசான் ஆற்றில் பெரு நாடு வரை ஏறியிருக்கிறது. நன்னீருக்குள் வந்ததும் அது ரத்தத்தில் யூரியாவைக் குறைத்து, சிறுநீரை நீர்த்துப் போகவிட்டுச் சமாளிக்கிறது. பெரும்பாலான மற்ற இனங்களுக்கு அந்த வித்தை வராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கரூரைத் தாண்டிக் கிழக்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊர் மண்ணில் சுறாப் பல் புதைபடிவமாகக் கிடைக்கிறது; டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. இத்தனை கோடி வருசம் பிழைத்து வந்த வம்சத்தை நம் தலைமுறையின் தட்டு தீர்த்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

இப்போது மெஸ் நடத்தும் அக்காமார், அண்ணன்மாரிடம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறச் சுறா புட்டு என்று வீட்டுக்கு வீடு பார்சல் போகிறது. நல்ல எண்ணத்தில்தான் வாங்குகிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்து கொடுக்கிறீர்கள். ஆனால் சுறாச் சதை பால் சுரப்பைக் கூட்டுகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. பச்சை உடம்புக்காரிக்கு வேண்டிய புரதம் எந்த நல்ல மீனிலும் இருக்கிறது. சுறாவில் கூடுதலாக இருப்பது பாதரசம். சின்ன மீனில் இருக்கும் துளியை அதைத் தின்கிற மீன் சேர்க்கிறது. அதைத் தின்கிற சுறா வருசக்கணக்கில் சேர்க்கிறது. தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும், பால் வழியாகக் கைக்குழந்தைக்கும் அது போகும்; வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், சுறாவில் மெத்தில் பாதரசத்துக்கு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு போட வேண்டி வந்தது.

வேகவைத்தால் போய்விடாதா என்றால், போகாது. புட்டுக்கு மஞ்சள் போட்டு எட்டுப் பத்து நிமிசம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, அதில் யூரியாவும் நெடியும் போகும். பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழிந்தாலும் உதிர்த்தாலும் வதக்கினாலும் அங்கேயே இருக்கும். கருவாட்டில் இன்னும் மோசம். தண்ணீர் மட்டும் வற்றுகிறது, பாதரசம் வற்றுவதில்லை. ஒரு கிலோ கருவாட்டுக்கு இரண்டு மூன்று கிலோ பச்சை மீன் போகிறது என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தட்டை மூக்குச் சின்ன இனம் போன்ற குறைந்த ஆயுள் மீனில் பாதரசம் குறைவு, இரண்டு மீட்டர் சுறாவில் அதிகம். பெயரில்லாத துண்டில் எது எது என்று யார் சொல்வது?

புட்டுக்குச் சுறாவைப் பிடித்ததற்குக் காரணம் முள் இல்லாமல் உதிர்வது. அதே பக்குவம் முள் நீக்கிய பங்காஸிலும் ஜிலேபியிலும் வரும். அரைக் கிலோ சதைக்கு 200 கிராம் சின்ன வெங்காயம், பாலூட்டுகிறவர் என்றால் 20 பல் பூண்டு, இஞ்சி ஒரு துண்டு, மிளகு சீரகம் ஒரு கரண்டி, கடலை எண்ணெய் 50 மில்லி. ஆவியில் வேகவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள்; பங்காஸைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் குழைந்துவிடும். வெங்காயம் பொன்னிறமான பிறகே மீனைச் சேர்த்து, நீர் சுண்டும்வரை சிறு தீயில் கிளறுங்கள். நீர் இருக்கும்போதே இறக்கினால் புட்டு உதிராமல் சேர்ந்துகொள்ளும். குழம்பு வேண்டுகிறவருக்கு மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. பாதரசம் மிகக் குறைவு, விலையும் கட்டுப்படியாகும், அணை மீனுக்கும் பஞ்சமில்லை. மெனுவில் 'பத்தியச் சுறா' என்ற வரியை எடுத்துவிட்டு 'பத்திய மீன் புட்டு' என்று எழுதுங்கள்; கேட்கிறவருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். சொன்னால் நம் சனம் கேட்கும்.

சுறாவே விற்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வளர்ந்த தட்டை மூக்குச் சின்ன இனம், முக்கால் மீட்டர் தாண்டிய பால் சுறா, இவை சட்டப்படி வந்தால் பெயர் போட்டு விற்கலாம். பலகையில் எழுதும் விதம் இப்படி இருக்கட்டும்: 'பால் சுறா, வளர்ந்தது, ராமேஸ்வரம்'. இனம், பருவம், இறங்கிய கரை என்ற மூன்று சொல் போதும். பெயர் சொல்ல முடியாத பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். கொம்பன் சுறாக் குட்டி, உழுவை, தொப்புள் தழும்பு தெரியும் எந்தச் சுறாவும் ஒரு மீனாக இருந்தாலும் எடுக்காதீர்கள். நாலு பெரிய மொத்த வியாபாரிகள் சேர்ந்து இரண்டு மாதம் எடுக்காமல் இருந்தால் கரைக்குச் சேதி போய்விடும். உயிரோடு வலையில் வரும் குட்டியைத் திருப்பிக் கடலில் விடுவதில் படகுக்காரருக்கும் நட்டம் இருக்காது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் உங்களுக்கு லோடு பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து வரும், வேலையும் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அந்த இடைவெளியில் சங்கக் கூட்டம் ஒன்று போட்டு, தலையுள்ள மீனுக்கான விலையைப் பேசி முடித்து, கரை ஏஜெண்டுகளுக்குச் சொல்லிவிடுங்கள். மீன் வெட்டும் பையன்களை அழைத்துச் செவுள், தொப்புள் தழும்பு, ஆண் குழல் மூன்றையும் நிஜ மீனில் காட்டிப் பழக்க ஒரு விடியற்காலை போதும். கூப்பிட்டால் நாங்களே வந்து செய்து காட்டுகிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம். ஜூன் 15-க்குப் பிறகு வரும் முதல் சுறாப் பெட்டி தலையோடு வரட்டும்.

இப்படிக்கு,
சுறா, திருக்கை இனங்களைப் படித்தும் படிப்பித்தும் வருகிற சிலர்,
கோயம்புத்தூர்.